நீலக்கொடுக்கு இறால் தனி இனமா? வாசகர் கேள்வி-பதில்

கேள்வி: ஒரே நாளில், ஒரே தொகுதிக் குஞ்சுகளைத்தான் குளத்தில் விட்டோம். ஆறு மாதம் கழித்து வலை இழுத்தால் நன்னீர் இறால் மூன்று தினுசாக வருகிறது. சிலதுக்கு நீளமான நீலக் கொடுக்கு, சிலதுக்கு ஆரஞ்சுக் கொடுக்கு, மீதியெல்லாம் பொடிசு. வேறு இனக் குஞ்சுகளைக் கலந்து கொடுத்துவிட்டார்களா?

பதில்: கலப்படம் இல்லை. மூன்றும் ஒரே இனம்தான். மேக்ரோபிராக்கியம் ரோசன்பெர்கி, சந்தைப் பேச்சில் ஸ்காம்பி. குஞ்சு கொடுத்தவரோடு சண்டைக்குப் போகும் முன் பிடித்த இறாலைத் திருப்பிப் பாருங்கள். அந்த மூன்று தினுசும் ஆணாகவே இருக்கும். பெண்கள் ஏறக்குறைய ஒரே அளவில் வளரும்.

ஆண் இறால் சிற்றாண், ஆரஞ்சுக்கொடுக்கு, நீலக்கொடுக்கு என்ற வரிசையில்தான் நிலை மாறும். பின்னால் திரும்பாது. சிற்றாணின் கொடுக்கு மெலிந்து, நிறமில்லாமல், கிட்டத்தட்ட கண்ணாடி போல இருக்கும். வளர்ச்சி மிகக் குறைவு. ஆனால் பெரிய ஆண் அசந்த நேரத்தில் பெண்ணோடு இணைந்துவிடும். ஆரஞ்சுக்கொடுக்குதான் குளத்தில் வேகமாக எடை போடும் ஆண். தின்பதைப் பெரும்பாலும் சதையாக மாற்றுகிறது. நீலக்கொடுக்கு ஆளுமை செலுத்தும் ஆண். கொடுக்கு உடலை விட நீண்டு, கருநீலமாகி, தடவிப் பார்த்தால் முள் குத்தும். இந்த நிலைக்கு வந்தபின் அதன் கவனம் எல்லாம் இடத்தைக் காப்பதிலும் இணைவதிலும்தான். உடல் எடை ஏறுவது ஏறக்குறைய நின்றுவிடும். சட்டை உரிப்பதும் அரிதாகிவிடும். ஓட்டில் பாசி படிந்த நீலக்கொடுக்கைப் பார்த்தால் அது பழைய ஆள் என்று வைத்துக்கொள்ளலாம். அதற்கு மேலும் தீவனம் போட்டு வளர்ப்பது வீண்.

சிறுவர்கள் பச்சைக்குதிரை தாண்டுவது போல ஒரு கணக்கு இதில் இருக்கிறது. ஓர் ஆரஞ்சுக்கொடுக்கு, சுற்றியிருக்கும் நீலக்கொடுக்குகளில் பெரியதை விடத் தான் பெரிதான பிறகே நீலமாக மாறும். அடுத்து மாறுவது அதையும் தாண்டியாக வேண்டும். கலைக்காமல் விட்ட குளத்தில் சிற்றாண், ஆரஞ்சு, நீலம் ஏறக்குறைய 5:4:1 என்ற விகிதத்தில் நிற்கும். 'மீதியெல்லாம் பொடிசு' என்ற உங்கள் புகாருக்குக் காரணம் இதுதான்.

முழுக் குளத்தையும் ஒரே நாளில் வடித்துப் பிடித்தால் ஆணில் பாதி பொடிசாகவே கைக்கு வரும். வெப்பமான நீரில் ஐந்தாம் மாதம் வாக்கில் தேர்ந்தெடுத்துப் பிடிக்கத் தொடங்கி, மூன்று நான்கு வாரத்துக்கு ஒருமுறை தொடருங்கள். வலைக்கண்ணை இழுத்துப் பிடித்து அளந்தால் 4 முதல் 5 செ.மீ. இருக்கும் வலை போதும், சிறியவை தப்பிவிடும். நீலக்கொடுக்குகளையும் விற்பனை எடைக்கு வந்த பெண்களையும் எடுத்துவிடுங்கள். எடை போதாத ஆரஞ்சுக்கொடுக்கைத் திருப்பி விடுங்கள். நீலம் போனதும் ஆரஞ்சில் பெரியவை அந்த இடத்தைப் பிடிக்கும், அதுவரை அடங்கிக் கிடந்த சிற்றாண்கள் ஆரஞ்சாக மாறி வளரத் தொடங்கும். எல்லோரும் செய்யும் தவறு, சிற்றாண்களைக் 'கழிவு' என்று கரையில் போடுவது. அடுத்த மாத விளைச்சலே அவைதான்.

இழுக்கும்போது அடிச்சேற்றைக் கிளறாதீர்கள். சேறு செவுளை அடைத்தால், திருப்பி விட்டவை இரவுக்குள் செத்து மிதக்கும். சட்டை உரித்து மெத்தென்று இருப்பவற்றைக் குவியலில் வைத்துத் தரம் பிரிக்காமல் அப்போதே தண்ணீரில் விட்டுவிடுங்கள்.

கேள்வி: நாற்றங்கால் தொட்டியிலேயே சில குஞ்சுகள் மற்றவற்றை விட இரண்டு மடங்காகத் தெரிகின்றன. இவைதான் பின்னால் நீலக்கொடுக்கு ஆகுமோ?

பதில்: முந்திக்கொண்டு வளரும் இந்தக் குஞ்சுகளுக்குத் 'தாவிகள்' என்று பெயர். இளம்புழுப் பருவம் முடிந்து பி.எல். (இறால் உருவம் பெற்ற குஞ்சு) ஆன இரண்டு வாரத்திலேயே கண்ணுக்குத் தெரிந்துவிடும். இவை இருக்கும் வரை பின்தங்கியவை பின்தங்கியே இருக்கும். பிரித்துவிட்டால் அவையும் விட்ட வளர்ச்சியைப் பிடிக்கும். அதனால் குளத்தில் விடுமுன் கம்பி இடைவெளியுள்ள தரம்பிரிக்கும் பெட்டியில் விட்டுப் பெரியது, சிறியது என்று இரண்டாக்கி, வெவ்வேறு குளத்தில் விடுங்கள். பிரித்த பிறகு இரண்டையும் ஒரே குளத்தில் கொட்டினால் பிரித்த வேலையே வீண்.

கேள்வி: ஆஸ்திரேலியக் கட்டுரை ஒன்றில் ரோசன்பெர்கி பற்றிய தகவல் எங்கள் இறாலோடு ஒத்துப்போகவில்லை. வேறு ஓர் இடத்தில் 'டாக்கெட்டி' என்று இருக்கிறது. எது சரியான பெயர்?

பதில்: பெயர் மாறியதால் வந்த குழப்பம் இது. 1879இல் டி மான் என்ற விலங்கியலாளர் இதைப் பாலிமோன் ரோசன்பெர்கி என்று விவரித்தார். பேரினம் பிறகு மாறியதால்தான் இன்று அவர் பெயரையும் ஆண்டையும் அடைப்புக்குறிக்குள் போடுகிறோம். அந்தக் குறி அலங்காரம் அல்ல. பழைய நூல்களில் இதையே பாலிமோன் கார்சினஸ் என்றும் எழுதியிருப்பார்கள். அது தவறு, அந்தப் பெயர் அமெரிக்காவில் வாழும் வேறோர் இறாலுக்கு உரியது.

மேற்கே இந்தியா முதல் ஜாவா, போர்னியோ வரை ஒரு வடிவம், கிழக்கே சுலவேசி, நியூ கினி, வட ஆஸ்திரேலியா எனப் பரவியிருக்கும் இன்னொரு வடிவம் என இரண்டு இருப்பது நெடுநாளாகத் தெரிந்ததே. 2007இல் வோவோர் (Wowor), இங் (Ng) என்ற இரு ஆய்வாளர்கள் இவை இரண்டு தனி இனங்கள் என்றார்கள். சிக்கல் அதன் பிறகுதான். டி மான் வைத்து விவரித்த மாதிரி இறால் நியூ கினியிலிருந்து வந்தது. எனவே, பெயர் மாதிரியோடு போகும் என்ற விதிப்படி ரோசன்பெர்கி என்ற பெயர் கிழக்கு இனத்துக்குப் போனது, உலகமெல்லாம் வளர்க்கும் மேற்கு இனம் 'டாக்கெட்டி' ஆனது. பண்ணைத் தொழில் முழுக்கப் புழங்கிய பெயர் கைமாறினால் என்ன ஆகும்? பன்னாட்டு விலங்கியல் பெயரிடல் ஆணையம் 2010இல் மேற்கு இனத்திலிருந்து ஒரு புதிய வகைமாதிரியை (பெயருக்கு ஆதாரமான மாதிரி இறாலை) நிர்ணயித்துப் பழைய வழக்கைக் காப்பாற்றியது. கிழக்கு இனத்துக்கு 2008இல் 'வாலேசி' என்று பெயர் வைத்தார்கள். ஆனால் ஷென்கெல் என்பவர் 1902லேயே வைத்த 'ஸ்பினிப்பஸ்' அதைவிட மூத்தது என்பதால் 2011 முதல் அதுவே நிற்கிறது.

நீங்கள் படித்த ஆஸ்திரேலியக் கட்டுரை பழையதாக இருந்தால் அது பேசுவது ஸ்பினிப்பஸ் பற்றி. 'டாக்கெட்டி' என்று எழுதியிருப்பது நீங்கள் வளர்க்கும் ரோசன்பெர்கியேதான். வளர்ச்சி அட்டவணைகளைக் கடன் வாங்கும்முன் இதைப் பார்த்துவிடுங்கள்.

கேள்வி: கொடுக்கும் தலையும் போன இறால் வந்தால் நன்னீரா, கடலா என்று எப்படிச் சொல்வது?

பதில்: வயிற்றின் பக்கவாட்டுத் தட்டுகளைப் பாருங்கள். நன்னீர் இறாலில் இரண்டாம் வளையத்தின் தட்டு அகன்று, முன்னால் முதலாவதையும் பின்னால் மூன்றாவதையும் மூடியிருக்கும், சேணம் போட்டது போல. வரியிறால், வனாமி ஆகிய கடல் இறால்களில் ஓட்டுக்கூரை அடுக்கியது போல முன்தட்டு பின்தட்டை மூடும். வயிற்றடியில் முட்டை ஒட்டியிருந்தால் கேள்வியே வேண்டாம். வரியிறாலும் வனாமியும் முட்டையைச் சுமப்பதில்லை, நீரில் விட்டுவிடும்.

கேள்வி: சிறிய இறாலில் ஆண், பெண் பார்ப்பது எப்படி? எல்லாமே ஆணாக உள்ள குஞ்சு கிடைக்கிறது என்கிறார்களே, மருந்து கொடுத்தா?

பதில்: முதல் வயிற்று வளையத்தின் அடிப்பக்க நடுவில் விரல் நுனியை வைத்துத் தடவுங்கள். கடினமான புள்ளி தட்டுப்பட்டால் ஆண். பெருக்கக் கண்ணாடி இருந்தால் இனப்பெருக்கத் துளையைத் தேடலாம். ஆணுக்கு ஐந்தாம் நடைகாலின் அடியில், பெண்ணுக்கு மூன்றாம் நடைகாலின் அடியில்.

குளத்துக் குஞ்சுக்கு மருந்து எதுவும் இல்லை. ஆணுக்குரிய சுரப்பியின் வேலையைத் தாய்த்தலைமுறையிலேயே இளமையில் நிறுத்தி, மரபணுவில் ஆணான ஒன்றைப் பெண்ணாக வளர்ப்பார்கள். இந்த இறாலில் ஆண் இசட்-இசட், பெண் டபிள்யூ-இசட். அப்படி வளர்ந்த 'பெண்'ணும் இசட்-இசட் என்பதால் அதன் குஞ்சுகள் எல்லாமே ஆண். இங்கேயும் முதல் பதிலை மறக்க வேண்டாம். குளம் முழுக்க ஆண் என்றால் நீலம், ஆரஞ்சு, சிற்றாண் பிரச்சினையும் குளம் முழுக்க. தேர்ந்தெடுத்துப் பிடிக்க ஆள் இல்லாதவர் இதில் இறங்கக் கூடாது.

கேள்வி: தலைக்கொம்பின் பற்களை எண்ணினால் இனம் சொல்லிவிடலாமா?

பதில்: ஓரளவுக்கு. ரோசன்பெர்கியின் கொம்பு நடுவில் வளைந்து நுனி மேல்நோக்கி இருக்கும். மேலே 11 முதல் 14, கீழே 8 முதல் 10 பற்கள். கொம்பின் நீளத்தை மட்டும் நம்பாதீர்கள், இளசில் நீண்டிருக்கும் கொம்பு வளர வளர உடலோடு ஒப்பிட்டால் குறுகிக்கொண்டே வரும். உடைந்து மீண்டும் வளர்ந்த கொம்பில் பல் எண்ணிக்கையும் கணக்குக்கு உதவாது. வளர்ந்த ஆண் என்றால் கொடுக்கின் அசையும் விரலைப் பாருங்கள். நுனி தவிர மற்ற இடமெல்லாம் வெல்வெட் போல மென்மயிர் அடர்ந்திருந்தால் ரோசன்பெர்கி என்று எழுதிக்கொள்ளலாம்.