திரையை எப்போது திறப்பது? வாசகர் கேள்வி பதில்

வகுப்பறையில் தொழில்நுட்பத்தைக் கையாள ஆசிரியர்கள் கற்பது குறித்துக் குமரி மாவட்டத்திலிருந்து வந்த கடிதங்களில் சிலவற்றுக்கு இம்முறை பதில் எழுதுகிறேன். எழுதியவர்களில் பெரும்பாலோர் பணியில் இருப்பவர்கள் என்பதால் பெயர்களைத் தவிர்த்துள்ளேன்.

கேள்வி: எங்கள் நடுநிலைப்பள்ளியில் திறன்பலகை (ஸ்மார்ட் போர்டு) பொருத்தியிருக்கிறார்கள். ஒருநாள் பயிற்சியும் அளித்தார்கள். அதை இயக்கவும், அதில் எழுதவும், எழுதியதை அழிக்கவும் தெரிந்துகொண்டேன். ஆனால் நான் நடத்தும் அறிவியல் பாடத்தில் அதை எங்கே பயன்படுத்துவது என்பது இன்னும் பிடிபடவில்லை. ஓய்வு பெறச் சில ஆண்டுகளே உள்ள நான் எங்கிருந்து தொடங்குவது? (ஆசிரியை, தோவாளை வட்டம்)

பதில்: பயிற்சியில் விடுபட்டது எது என்பதை உங்கள் கடிதமே சொல்லிவிடுகிறது. கருவியிலிருந்து தொடங்கிப் பாடத்துக்கு வரும் பயிற்சிகள் பெரும்பாலும் பொத்தான்களோடு நின்றுவிடுகின்றன. நீங்கள் எதிர்த்திசையில் தொடங்குங்கள். மாணவர்கள் தேர்வில் சரியாக எழுதிவிட்டு, வெளியே வந்து கேட்டால் தவறாகச் சொல்லும் பாடப்பகுதிகள் எவை என்று எண்ணிப் பாருங்கள். நீண்ட நாள் பணியாற்றிய எந்த ஆசிரியரிடமும் அப்படி ஒரு பட்டியல் மனத்தில் இருக்கும். எல்லாப் பொத்தான்களையும் அறிந்த இளைய ஆசிரியரிடம் அது இருக்காது. பாடம் பற்றிய அறிவு, கற்பிக்கும் முறை பற்றிய அறிவு, கருவி பற்றிய அறிவு ஆகிய மூன்றும் தனித்தனியே இருந்தால் போதாது, ஒன்றோடொன்று இணைய வேண்டும் என்று புன்யா மிஸ்ராவும் மேத்யூ கோலரும் 2006-இல் எழுதிய கட்டுரை இத்துறையில் இன்றும் எடுத்துக்காட்டப்படுகிறது. அந்த மூன்றில் இரண்டு உங்களிடம் ஏற்கெனவே இருப்பதால், வயதை நீங்கள் குறையாக எண்ண வேண்டியதில்லை.

ஓர் எடுத்துக்காட்டைச் சற்று விரிவாகவே சொல்கிறேன். நண்பகலில் சூரியன் எங்கே இருக்கும் என்று கேட்டால், வகுப்பில் அனைவரும் "நேர் உச்சியில்" என்பார்கள். நம் மாவட்டத்தில் அது ஆண்டுக்கு இரண்டு முறை மட்டுமே உண்மை. ஏறத்தாழ 8 பாகை வடக்கு அகலாங்கில் இருக்கும் நமக்கு, ஏப்ரல் இரண்டாம் வாரத்தில் ஒரு முறையும், கன்னிப்பூ நெல் அறுவடை நடக்கும் ஆகஸ்ட் கடைசியிலோ செப்டம்பர் முதல் இரண்டு நாட்களிலோ மறுமுறையும் சூரியன் உச்சியைக் கடக்கிறது. இடைப்பட்ட மாதங்களில் அது நண்பகலில் நமக்கு வடக்கே நிற்பதால் நிழல் தெற்கே விழும். ஆண்டின் மற்றப் பகுதியில் நிழல் வடக்கே விழும். ஒரு மீட்டர் உயரமுள்ள கம்பின் நண்பகல் நிழல் ஜூன் 21 அளவில் தெற்கு நோக்கி ஏறத்தாழ 27 சென்டிமீட்டரும், டிசம்பர் 21 அளவில் வடக்கு நோக்கி ஏறத்தாழ 61 சென்டிமீட்டரும் இருக்கும்.

இதைக் கரும்பலகையில் படம் வரைந்து விளக்கினால் பாதி வகுப்புக்குப் புரியாது. முற்றத்தில் கம்பு நட்டுக் காட்டினாலோ ஒரு நாளின் நிழலைத்தான் காட்ட முடியும். திறன்பலகைக்கு வேலை வருவது இந்த இடத்தில்தான். முதலில் மாணவர்களை வெளியே அழைத்துச் சென்று நிழலை அளக்கச் செய்யுங்கள். கடிகாரத்தில் பன்னிரண்டு அடித்ததும் அளக்க வேண்டாம். இந்திய நேரம் 82½ பாகை கிழக்கு நெட்டாங்கை அடிப்படையாகக் கொண்டது, நாமோ 77½ பாகையை ஒட்டி இருக்கிறோம். ஆகவே நம் ஊரில் உண்மையான நண்பகல் 12.20 மணியை ஒட்டியே வரும். அளந்து முடித்ததும், டிசம்பரில் இந்த நிழல் எந்தப் பக்கம், எவ்வளவு நீளம் விழும் என்று ஒவ்வொருவரையும் ஊகித்துக் குறிப்பேட்டில் எழுதச் சொல்லுங்கள். அதன் பிறகே திரையைத் திறக்க வேண்டும். கணினிக்கு இலவசமாகக் கிடைக்கும் ஸ்டெல்லேரியம் என்னும் வானியல் மென்பொருளில் இடத்தை நாகர்கோவில் என்றும், நேரத்தை 12.20 என்றும் அமைத்துவிட்டு, நாளை மட்டும் ஒவ்வொன்றாக நகர்த்துங்கள். உச்சிப்புள்ளியைத் தாண்டி வடக்கே ஏறும் சூரியன், பிறகு திரும்பித் தெற்கே இறங்குவதை மாணவர்கள் பார்ப்பார்கள். அது கொஞ்சம் கிழக்கும் மேற்குமாக ஆடுவதையும் யாராவது ஒரு சுட்டிப்பிள்ளை கவனித்துக் கேட்கும். அதை இன்னொரு நாளைக்கு வைத்துக்கொள்ளலாம். இறுதியில் அவரவர் எழுதிய ஊகத்தை அவரவரே திருத்தட்டும்.

கவனித்தால், திரை திறந்திருந்த நேரம் பத்து நிமிடத்தைத் தாண்டாது. மின்சுற்றுப் பாடத்துக்கும் இதே முறை பொருந்தும். விளக்கைக் கடந்ததும் மின்னோட்டம் குறைந்துவிடும் என்று நம்பும் பிள்ளைகளை முதலில் அதை எழுதவைத்து, பிறகு கொலராடோ பல்கலைக்கழகத்தின் 'பெட்' சிமுலேஷனில் (திரையில் செய்து பார்க்கும் செய்முறையில்) மின்சுற்றை அமைத்து, விளக்குக்கு முன்னும் பின்னும் அம்மீட்டரை வைத்து அளந்து பார்க்கச் செய்யலாம். 2002-இல் தொடங்கப்பட்ட அத்தொகுப்பின் பல பகுதிகள் தமிழிலும் கிடைக்கின்றன. நம் பாடநூல்களில் 2018 முதல் அச்சிடப்படும் கியூஆர் குறியீட்டுக் காணொளிகளும், 2023-இல் வெளிவந்த மணற்கேணி செயலியின் காணொளிகளும் நன்றாகவே உள்ளன. ஆனால் ஒரு காணொளியை முழுவதும் ஓடவிட்டு ஓரமாக நிற்பதைக் காட்டிலும், இடையில் இரண்டு இடங்களில் நிறுத்தி "அடுத்து என்ன ஆகும்?" என்று கேட்பது எவ்வளவோ மேல்.

கேள்வி: மழைக்காலத்தில் இணையமும் மின்சாரமும் எப்போது போகும் என்றே சொல்ல முடியாது. நம்பிப் பாடத்தைத் திட்டமிட்டால் வகுப்பு வீணாகிறது. என்ன செய்வது? (கணித ஆசிரியர், மார்த்தாண்டம்)

பதில்: தென்மேற்கு, வடகிழக்கு ஆகிய இரு பருவமழைகளும் நனைக்கும் மாவட்டத்தில் இது நியாயமான கவலை. இணையத்தை வகுப்பு நேரத்துக்கு முன்பே பயன்படுத்தி முடித்துவிடுங்கள். மேலே சொன்ன சிமுலேஷன்களைக் கோப்பாகப் பதிவிறக்கி வைத்தால் இணையமின்றி உலாவியில் திறக்கலாம். ஜியோஜீப்ரா என்னும் கணித மென்பொருளைக் கணினியில் நிறுவிக்கொள்ளலாம். பாடநூல் காணொளிகளையும் முன்கூட்டியே இறக்கி வைக்கலாம். மின்சாரமே போய்விட்டால் அதே வினாவைக் காகிதத்தில் தொடர முடியுமா என்று பார்த்துப் பாடத்தை அமையுங்கள். முக்கோணத்தின் ஒரு முனையை ஜியோஜீப்ராவில் இழுக்க இழுக்கக் கோணங்கள் மாறியும் கூட்டுத்தொகை 180 பாகையாகவே நிற்பதைக் காட்ட நினைத்திருந்தால், ஆளுக்கொரு காகித முக்கோணத்தை வெட்டி மூன்று மூலைகளையும் கிழித்துச் சேர்த்து ஒட்டச் சொல்லலாம். ஐப்பசி மாதத்து மாலை இடியின்போது மின்செருகியை மட்டுமல்லாமல் இணைய வடத்தையும் பிடுங்கிவிட வேண்டும், ஏனெனில் அதன் வழியாகவும் மின்னல் பாய்ந்து கருவியைக் கெடுக்கும்.

கேள்வி: பல ஆண்டுகளாக நான் தட்டச்சு செய்து சேர்த்த தமிழ் வினாத்தாள்கள் கைபேசியில் திறந்தால் ஆங்கில எழுத்துகளின் குப்பையாகத் தெரிகின்றன. இவற்றை மீட்க முடியுமா? (தமிழாசிரியை, இரணியல்)

பதில்: முடியும். பாமினி, வானவில் போன்ற பழைய எழுத்துருக்கள் ஆங்கில எழுத்துகளுக்குரிய இடங்களில் தமிழ் வடிவங்களை வைத்தவை. அந்த எழுத்துரு இல்லாத கருவியில் அடியில் இருக்கும் ஆங்கில எழுத்து தலைகாட்டிவிடுகிறது. ஒருங்குறியில் (யூனிகோடில்) தமிழ் எழுத்துகளுக்கென்றே தனி எண்கள் இருப்பதால் இச்சிக்கல் இல்லை. தமிழக அரசும் 2010-இல் ஒருங்குறியையும் டேஸ்-16 என்னும் தமிழ்க் குறியாக்க முறையையும் தரமாக ஏற்றது. பழைய கோப்புகளை ஒருங்குறிக்கு மாற்றும் எழுத்துருமாற்றிகள் இணையத்தில் இலவசமாக உள்ளன. மாற்றியபின் ஒற்றெழுத்துகளையும், கொம்பு வரும் எழுத்துகளையும், இடையில் வரும் எண்களையும் ஒருமுறை சரிபார்த்துவிடுங்கள்.

இனித் தட்டச்சு செய்வதற்குத் தமிழ் 99 விசைப்பலகையைப் பழகுமாறு பரிந்துரைக்கிறேன். 1999-இல் அரசு ஏற்ற இந்த முறையில் உயிரெழுத்துகள் இடக்கைக்கும் மெய்கள் வலக்கைக்கும் வருகின்றன. 'அம்மா' என்று எழுத அ, ம, ம, ஆ என நான்கு தட்டுகள் போதும். ஒரே எழுத்து இரட்டித்தால் முதலாவதற்குப் புள்ளி தானாகவே விழுந்துவிடும். தமிழாசிரியருக்கு இது ஒரு வாரத்தில் கைவந்துவிடும், ஏனெனில் மெய்யும் உயிரும் சேர்ந்து உயிர்மெய் ஆகும் இலக்கணத்தையே விரல் பின்பற்றுகிறது. வேறொரு பயனும் உண்டு. பார்வைக் குறைபாடு உள்ள மாணவருக்குக் கைபேசி வாசித்துக் காட்டுவது ஒருங்குறித் தமிழை மட்டுமே.

கேள்வி: ஐந்தாம் வகுப்பில் படிக்கும் என் மகளின் ஆசிரியர், வகுப்பில் எடுக்கும் காணொளிகளைத் தம் சமூக ஊடகப் பக்கத்தில் வெளியிடுகிறார். ஆர்வமுள்ள ஆசிரியர்தான், ஆனாலும் மனம் ஒப்பவில்லை. சொல்வது தவறாகுமா? (ஒரு தாய், குளச்சல்)

பதில்: தவறே இல்லை. 2023-ஆம் ஆண்டின் மின்னணுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயது நிரம்பாதவர்களைக் குழந்தைகளாகக் கருதி, அவர்களுடைய தரவைக் கையாளப் பெற்றோரின் ஒப்புதலைக் கோருகிறது. புகார் எழுதுவதற்கு முன் ஆசிரியரை நேரில் பார்த்துப் பேசுங்கள். குறிப்பேட்டையும், செய்முறையில் இயங்கும் கைகளையும், பலகையையும் படமெடுத்தால் சக ஆசிரியர்களுக்குத் தேவையானவை கிடைத்துவிடும், பிள்ளைகளின் முகம் தேவைப்படாது என்று சொல்லிப் பாருங்கள்.

கேள்வி: பயிற்சிக்குப் போன ஆசிரியர்கள் சான்றிதழோடு திரும்புகிறார்கள், வகுப்பில் மாற்றம் தெரிவதில்லை. பள்ளிக்குள்ளேயே ஏதேனும் செய்ய முடியுமா? (தலைமையாசிரியர், குலசேகரம்)

பதில்: முதலில் ஒன்றைப் பிரித்துப் பாருங்கள். வருகைப் பதிவு, எமிஸ் என்னும் கல்வித்துறைத் தகவல் தளத்துக்கான விவரங்கள், நலத்திட்டப் பட்டியல்கள் எனக் கைபேசியில் ஆசிரியர் செலவிடும் நேரம் நிர்வாகத்துக்குரியது. அதைப் பார்த்து 'தொழில்நுட்பம் நன்றாகக் கையாளுகிறார்' என்று முடிவு கட்டிவிடுகிறோம், கற்பித்தலுக்கான நேரமோ அதிலேயே கரைந்துவிடுகிறது. 2019-இல் தொடங்கிய நிஷ்தா போன்ற ஆசிரியர் பயிற்சிகள் 2020 முதல் திக்ஷா என்னும் அரசுக் கல்வித் தளத்தின் வழியே இணையத்தில் வருவதால் யாரும் வீட்டிலிருந்தே படிக்க முடிகிறது என்பது நல்லதுதான். எனினும், படித்ததைத் தம் பாடத்தில் செய்து பார்க்கவும், தவறினால் மறுபடி முயலவும் பக்கத்தில் ஒருவர் வேண்டும்.

ஆகவே வாரத்தில் ஒரு பாடவேளையை இதற்கென ஒதுக்குங்கள். ஒரே பாடம் நடத்தும் இருவர் (உங்கள் பள்ளியில் இல்லையென்றால் பக்கத்துப் பள்ளியிலிருந்து ஒருவர்) ஒரே ஒரு பாடப்பகுதியை எடுத்துக்கொள்ளட்டும். மாணவர்கள் எங்கே தடுமாறுகிறார்கள், அங்கே திரை உதவுமா, உதவாதா என்று பேசி முடிவு செய்யட்டும். உதவாது என்ற முடிவும் மதிக்கத்தக்க முடிவே. பிறகு ஒருவர் வகுப்பெடுக்க, மற்றவர் பின்வரிசையில் அமர்ந்து ஆசிரியரைப் பார்க்காமல் மாணவர்களைக் கவனித்து, யார் எந்த நொடியில் கவனம் இழந்தார், எந்தக் கேள்விக்கு எத்தனை பேர் எழுதினார்கள் என்று குறித்துக்கொள்ளட்டும். அந்தக் குறிப்பை நீங்கள் கேட்டு வாங்காதீர்கள். மதிப்பீடு என்ற வாசனை பட்டுவிட்டால் அடுத்த வாரம் எல்லோரும் பத்திரமான பாடத்தையே எடுப்பார்கள். நான்கைந்து பாடங்கள் இப்படிச் சேர்ந்தபின் அவற்றைக் அக்கம்பக்கத்துப் பள்ளி ஆசிரியர்கள் கூடும் குறுவள மையக் கூட்டத்தில் வைக்கலாம். அந்தக் கூட்டங்களுக்கும் அப்போது உயிர் வரும்.

களியக்காவிளையைத் தாண்டினால் வரும் பாறசாலையிலிருந்து நாம் கற்க ஒன்று உண்டு. கேரளத்தில் 2001-இல் தொடங்கி 2017-இல் 'கைட்' நிறுவனமாக மாறிய பள்ளித் தகவல் தொழில்நுட்பத் திட்டத்தில், பள்ளி ஆசிரியர்களே பிற ஆசிரியர்களுக்குப் பயிற்சியளிக்கிறார்கள். மென்பொருள்களும் பெரும்பாலும் கட்டற்றவை. 2018 முதல் அங்கே 'லிட்டில் கைட்ஸ்' என்னும் மாணவர் மன்றங்களும் இயங்குகின்றன. உங்கள் உயர் தொழில்நுட்ப ஆய்வகத்தில் வடம் மாட்டவும், ஒலிபெருக்கியைச் சரிசெய்யவும், கோப்புகளை அடுக்கவும் ஒன்பதாம் வகுப்பில் ஆறு பேரைப் பழக்கிவிட்டால், தயங்கும் ஆசிரியரின் பாதி அச்சம் அன்றே போய்விடும்.

கேள்வி: செயற்கை நுண்ணறிவுச் செயலிகளைக் கொண்டு வினாத்தாள் தயாரிக்கலாமா? (ஆசிரியர், கருங்கல்)

பதில்: வரைவு தயாரிக்கலாம். ஒரே கணக்கை வெவ்வேறு எண்களோடு நான்கு விதமாக எழுதவும், பலவுள் தெரிக வினாக்களுக்கு நம்பத்தகுந்த தவறான விடைகளை யோசிக்கவும் அவை நன்கு உதவுகின்றன. ஆனால் ஒவ்வொரு கணக்கையும் நீங்களே செய்து பார்த்த பிறகுதான் அச்சிட வேண்டும். தமிழில் புணர்ச்சி, யாப்பு, செய்யுள் மேற்கோள் ஆகியவற்றில் கூடுதல் எச்சரிக்கை தேவை. இல்லாத குறளை இருக்கும் குறள் போலவே அவை எழுதித் தரக்கூடும் என்பதால், செய்யுளைப் பாடநூலிலிருந்து நீங்களே எடுத்துக் கொடுத்து, அதன்மேல் வினா எழுதுமாறு கேளுங்கள். மாணவர்களின் பெயரையும் மதிப்பெண்ணையும் அச்செயலிகளில் உள்ளிட வேண்டாம்.