புகைப்படத்தில் எனக்கென்று ஒரு பாணி வருவது எப்படி?

மூன்று ஆண்டுகளாகப் படம் எடுத்தும் எல்லாமே வேறு யாரோ எடுத்தது போல இருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அந்த நோய் ஏழு ஆண்டுகள் இருந்தது.

நான் காரைக்குடிக்காரன். கல்யாணப் படம் எடுப்பது பிழைப்பு. மிச்ச நேரத்தில் எனக்காக எடுப்பேன். எங்கள் பக்கத்தில் கேமரா தூக்குகிறவனுக்கு ஒரு சங்கடம் உண்டு. கானாடுகாத்தானில் பழைய செட்டிநாட்டு வீடு ஒன்றின் வளவில், அதாவது முற்றத்தைச் சுற்றிய நடுக்கட்டில், போய் நின்றால், இரு பக்கமும் வரிசை கட்டிய தூண்கள், நடுவே முற்றம், எதிரே வாசலுக்குள் வாசல். கேமராவை எங்கே வைப்பது என்று வீடே சொல்லிவிடும். நானும் சொன்ன இடத்தில் வைத்தேன். கடன் வாங்கி அகலக்கோண லென்ஸ் வாங்கினேன். ஒரே காட்சியை மூன்று வெளிச்ச அளவுகளில் எடுத்துக் கணினியில் ஒன்றாக்கி, மூலை முடுக்கெல்லாம் பளிச்சென்று தெரியும்படி செய்தேன். பாராட்டு நிறையக் கிடைத்தது. அதே வாரம் சென்னையிலிருந்து வந்த ஒருவர் அதே தூணடியில் எடுத்த படத்தைப் பார்த்தேன். என் படத்தைத்தான் திருடிவிட்டார் என்று கால்மணி நேரம் கோபமாக இருந்தேன். கோபம் ஆறிய பிறகுதான் வெட்கம் வந்தது.

விஷயம் புரிந்தது ஆத்தங்குடியில். அங்கே பூப்போட்ட தரைக்கல் (டைல்ஸ்) செய்யும் பட்டறைக்கு அடிக்கடி போவேன். சதுரக் கண்ணாடியைத் துடைத்து வைத்து, அதன்மேல் இரும்புச் சட்டம், சட்டத்துக்குள் பூ அச்சு. அச்சின் ஒவ்வொரு அறையிலும் சிறு கரண்டியால் சிமெண்டுச் சாயத்தை ஊற்றுவார்கள். அச்சைத் தூக்கினால் பூ நிற்கும். மேலே உலர்ந்த சிமெண்டும் மணலும் தூவி, ஈரக் கலவை போட்டு மட்டம் செய்து, பிறகு தண்ணீர்த் தொட்டியில் ஊறப்போடுவார்கள். சூளை கிடையாது, அந்த மினுமினுப்பு கண்ணாடி கொடுப்பது. அச்சைத் தூக்கும் அந்த நொடிக்காகத்தான் எல்லாரும் கேமராவோடு காத்திருப்பார்கள்.

அங்கே வேலை செய்யும் பெரியவர் ஒருநாள் கேட்டார்: "தம்பி, வருகிறவர்கள் எல்லாரும் பூ விழும்போது எடுக்கிறார்கள். நீங்கள் ஏன் நான் கண்ணாடி துடைக்கும்போதே எடுத்துக்கொண்டிருக்கிறீர்கள்?"

எனக்குப் பதில் தெரியவில்லை. பூவையும்தான் எடுத்திருந்தேன். ஆனால் வீட்டுக்கு வந்து பழைய ஹார்டு டிஸ்க்கைத் திறந்து, யாருக்கும் காட்டாத படங்களில் இருநூறை அஞ்சலட்டை அளவில் அச்சடித்துத் தரையில் பரப்பினேன். வளவைக் கழுவிவிட்டுத் தூணில் சாய்த்து வைத்த துடைப்பம். சாவிக்கொத்தை முந்தானையில் முடியும் ஓர் ஆச்சியின் கை, முகம் இல்லை. பந்தி முடிந்து இலை எடுத்த தரை. முற்றத்தில் காயவைத்த வற்றலைத் திரட்டியபின் பாயில் நின்ற ஈரத்தடம். வேலைக்குச் சற்று முன், அல்லது வேலை முடிந்த கையோடு. ஆட்கள் பெரும்பாலும் முதுகு காட்டி. வெளிச்சம் எப்போதும் ஒரு பக்கத்திலிருந்து. ஏழு ஆண்டுகளாக ஒரே படத்தைத்தான் எடுத்துக்கொண்டிருந்திருக்கிறேன், அதைக் கழிவு என்று ஒதுக்கியும் வைத்திருக்கிறேன்.

ஆகவே புதிதாக எதையும் எடுக்குமுன் ஒதுக்கியதைப் பாருங்கள். திரையில் பார்க்காதீர்கள், அச்சடியுங்கள். திரையில் ஒவ்வொரு படமாகத்தான் பார்க்கத் தோன்றும். தரையில் பரப்பினால் திரும்பத் திரும்ப வருவது தானாகக் கண்ணில் படும். கோட்டையூரில் பிறந்த ஏ. கே. செட்டியாரை நினைத்துக்கொள்வேன். டோக்கியோவிலும் நியூயார்க்கிலும் புகைப்படக் கலை படித்தவர். 1940இல் வெளியான காந்தி ஆவணப்படத்துக்காக, சுமார் நூறு கேமராக்காரர்கள் முப்பது ஆண்டுகளில் எடுத்த 50,000 அடிப் படச்சுருளை நாடு நாடாகத் தேடித் திரட்டினார். படத்தில் வைத்தது 12,000 அடி. பெரும்பாலும் பிறர் எடுத்ததுதான், ஆனாலும் எதை வைப்பது என்று தேர்ந்தது அவர், அதனால் அது அவர் படம்.

பிறகு கருவியைக் குறைத்தேன். அகலக்கோண லென்ஸை விற்றேன். இப்போது 35 மி.மீ. லென்ஸ் ஒன்றுதான், என்னுடைய சிறிய சென்சார் கேமராவில் அது பழைய பிலிம் கேமராவின் 50 மி.மீ. லென்ஸ் போல, அகலக்கோணத்தைவிடக் குறுகலாகப் பார்க்கும். முழு வளவு அதில் அடங்காது, அதனால் எதை விடுவது என்று ஒவ்வொரு முறையும் முடிவு செய்தாக வேண்டும். வெளிச்சத்தை ஒரு ஸ்டாப், அதாவது பாதியாக, குறைத்து எடுக்கிறேன். கேமராவின் அளவுமானி எதையும் நடுத்தரச் சாம்பலாக்கப் பார்க்கும். வளவின் தாழ்வாரமோ வெயிலுக்கு ஒதுங்கிக் குளிர்ச்சியாக இருக்கக் கட்டியது, அதை வெளுக்க வைத்தால் வீடே பொய்யாகிவிடும். வண்ணச் சமநிலையை (ஒயிட் பேலன்ஸ்) பகல் வெளிச்சத்திலேயே நிறுத்திவிட்டேன். தானியங்கியில் விட்டால் நாலரை மணி வெயிலின் மஞ்சளையும், செங்கல் நிறத் தரையிலிருந்து முகத்தில் ஏறும் சிவப்பையும் பிழை என்று நினைத்துத் திருத்திவிடுகிறது. கணினியில் படத்தின் நிறத்தை ஒரே சொடுக்கில் மாற்ற விலைக்கு விற்கும் வண்ண வடிகட்டிகளைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். வேண்டாம், அடுத்தவர் சட்டை.

ஓர் எச்சரிக்கை: இதையெல்லாம் கூலிக்கு எடுக்கும் படத்தில் காட்டப் போகாதீர்கள். ஒரு கல்யாண ஆல்பத்தை இப்படி இருட்டும் முதுகுமாகக் கொடுத்தேன். பெண்ணின் அம்மா புரட்டிப் பார்த்துவிட்டு, "சம்பந்தி வீட்டார் ஒருவர் முகம்கூடத் தெரியவில்லையே, அப்பா" என்றார். அவர் கேட்டது நியாயம். பாதியை என் செலவில் மாற்றி அடித்துக் கொடுத்தேன்.

ஆத்தங்குடிப் பெரியவருக்கு, அவர் கண்ணாடி துடைக்கும் படத்தைப் பெரிதாக அச்சடித்துக் கொண்டுபோனேன். நான் எடுத்ததிலேயே எனக்குப் பிடித்த படம் அது. திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "என் முகத்தைக் காணோமே, தம்பி" என்றார். பேரனைப் பக்கத்தில் நிறுத்தி, சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டு, நேராகக் கேமராவைப் பார்த்து விறைப்பாக நின்றார். எடுத்துக் கொடுத்தேன். அவர் வீட்டில் சாமி படத்துக்குப் பக்கத்தில் மாட்டியிருப்பது அதுதான்.