கேரவன் வாசலில் என்ன போடலாம்?

கேள்வி: வணக்கம் அக்கா. என் கணவரின் அண்ணன் கண்டியில் சின்னதாக ஒரு கேரவன் வாங்கியிருக்கிறார். வேனுக்குப் பின்னால் கொளுவி இழுக்கிற வகை. உள்ளே மூன்று பேர் படுக்கலாம், மற்றவர்களுக்குப் பக்கத்தில் கூடாரம். ஏப்ரல் விடுமுறையில் கந்தப்பளையில் மாமாவின் மரக்கறித் தோட்டத்து ஓரமாக நிறுத்தி நான்கு நாள் தங்கப் போகிறோம். மாமியார், பிள்ளைகள் எல்லாருமாக ஆறு பேர். வெளிநாட்டுப் படங்களில் பார்ப்பதுபோல வாசலில் விரிப்பு, கதிரை, தொங்கும் லைட் எல்லாம் வைத்து அழகாக்க ஆசை. கையில் ஒன்றரை இலட்சம் ரூபா இருக்கிறது. எதில் தொடங்குவது?
– ஓர் ஆசிரியை, கொட்டகலை

பதில்: லைட்டைக் கடைசியில் வாங்குங்கள். முதலில் தலைக்கு மேல், அடுத்தது காலுக்குக் கீழ், அதற்கப்புறம்தான் மற்றதெல்லாம். அந்தப் படங்கள் பெரும்பாலும் காய்ந்த ஊர்களில் எடுத்தவை. கந்தப்பளையில் ஏப்ரல் என்றால் காலையில் வெயில் பளிச்சென்று அடிக்கும், பின்னேரம் இடியோடு மழை கொட்டும். இரண்டு பருவக்காற்றுக்கும் நடுவில் வருகிற மழை அப்படித்தான். ஆறு பேரும் நனையாமல் உட்கார ஓர் இடம் இருந்தால் அந்த நான்கு பின்னேரமும் உங்களுடையவை. இல்லாவிட்டால் எவ்வளவு அழகான கதிரை இருந்தும் பிரயோசனமில்லை.

ஆகவே பணத்தில் பாதியை முன்கூரைக்கு ஒதுக்குங்கள். கேரவனின் பக்கத்திலிருந்து இழுத்து விரிக்கிற துணிக்கூரை, கடையில் ‘ஓனிங்’ என்பார்கள். ‘வோட்டர்புரூஃப்’ என்ற சொல்லோடு திருப்திப்படாமல் எண்ணைக் கேளுங்கள். 1500 மில்லிமீற்றர், 3000 மில்லிமீற்றர் என்று எழுதியிருக்கும். எத்தனை மில்லிமீற்றர் உயரத்துக்குத் தண்ணீர் நின்றால் அந்தத் துணி கசியத் தொடங்கும் என்பதுதான் அந்தக் கணக்கு. தூறலுக்கு 1500 போதும். நம் மலைக்கு 3000க்குக் குறைந்து எடுக்க வேண்டாம்.

எண் மட்டும் பார்த்தாலும் ஏமாறலாம். சில வருடங்களுக்கு முன் நான் ஒரு கடையில் 3000 போட்ட துணிதான் வாங்கினேன். அம்பேவெலப் பக்கம் முதல் இரவே நல்ல மழை. துணி கசியவில்லை, தையல் கசிந்தது. ஊசி போன துளை ஒவ்வொன்றிலும் ஒரு சொட்டு திரண்டு, வரிசையாகச் சோற்றுப் பானை மூடியில் விழுந்துகொண்டே இருந்தது. இப்போதெல்லாம் கடையிலேயே துணியைப் புரட்டி உள்பக்கத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கிறேன். தையல் மேலே மினுங்குகிற ஒட்டுப்பட்டி ஓட வேண்டும். அதன் ஓரத்தை நகத்தால் மெல்லக் கிளப்பிப் பாருங்கள். எழும்பி வந்தால் அந்தத் துணி வேண்டாம்.

இன்னொன்று, கால்கள் உயரத்தைக் கூட்டிக் குறைக்கக்கூடியவையாக இருக்க வேண்டும். ஒரு மூலையை மற்றதைவிட ஒரு சாண் தாழ்த்திக் கட்டினால் தண்ணீர் அந்தப் பக்கம் ஓடிவிடும். மட்டமாகக் கட்டினால் நடுவில் தேங்கும். ஒரு சதுர மீற்றரில் ஐந்து சென்றிமீற்றர் தேங்கினாலே 50 லீற்றர், அதாவது ஒரு சீமெந்து மூட்டையின் பாரம். கம்பி வளைந்துவிடும், கீழே பிள்ளைகள் இருப்பார்கள். காற்று எழும்பினாலும், இரவு படுக்கப் போகும்போதும் சுருட்டி வைத்துவிடுங்கள்.

ஓனிங்குக்குப் பணம் போதாவிட்டால் ஹார்ட்வெயார் கடையில் தடித்த தறப்பாளும் நல்ல கயிறும் வாங்குங்கள். பளீரென்ற நீலத்தை விட்டுப் பச்சையோ மண்ணிறமோ எடுத்தால் பார்வைக்கும் நன்றாக இருக்கும். எதுவானாலும் ஈரத்தோடு மடிக்காதீர்கள். என் அம்மா கொழுந்தெடுத்துவிட்டு வந்தால், எவ்வளவு களைப்பென்றாலும் இடுப்புப் படங்கை அவிழ்த்து உதறிக் கொடியில் போட்டுவிட்டுத்தான் வீட்டுக்குள் காலடி வைப்பார். ஈரமாகச் சுருட்டிய துணியில் இரண்டே நாளில் பூஞ்சணம் கறுப்புப் புள்ளியாக ஏறும், பிறகு எதைப் போட்டுத் தேய்த்தாலும் போகாது.

அடுத்தது விரிப்பு. படங்களில் நீங்கள் பார்க்கிற ‘அவுட்டோர் ரக்’ பெரும்பாலும் பொலிப்ரொப்பிலீன் இழையில் நெய்தது. நம் ஊர்க் கடைகளில் சுருட்டி நிறுத்தியிருக்கிற பிளாஸ்டிக் பாயும் அதே சாதிதான். பெரிய பெயருக்குப் பெரிய விலை கொடுக்காமல் இரண்டு பெரிய பாய் வாங்குங்கள். நெருக்கமில்லாத பின்னலாக இருந்தால் தண்ணீர் கீழே இறங்கிவிடும். கோலம் போட்ட, கொஞ்சம் கறுத்த நிறமாகப் பார்த்து எடுங்கள், மரக்கறித் தோட்டத்து மண் அவ்வளவு தெரியாது. சணல், பஞ்சு, கம்பளி விரிப்பு எதுவும் வெளியே வேண்டாம். குடித்த தண்ணீரை விடவே விடாது. பாய்க்குக் கீழே பொலித்தீன் போடுவதானால் அது பாயைவிடச் சிறியதாக இருக்கட்டும். வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் மழைத் தண்ணீரை வாங்கி உங்கள் காலடிக்கே கொண்டுவரும். பாயின் ஓரத்தில் செருப்பு கழற்ற ஒரு சாக்கு, பக்கத்தில் ஒரு சவர்க்காரத் துண்டு. தோட்டப் பக்கம் போய் வருகிற பிள்ளைகள் காலில் அட்டை இருக்கிறதா என்று அங்கேயே பார்த்துவிடலாம்.

கதிரையில் முதலில் மாமியாரை நினையுங்கள். மடிக்கிற கேம்பிங் கதிரைகள் பல மிகவும் தாழ்வு. முழங்கால் வலி உள்ளவர் உட்கார்ந்தால் எழும்ப இன்னொருவர் கை கொடுக்க வேண்டும். இருக்கை தரையிலிருந்து 45 சென்றிமீற்றர் அளவில், இரண்டு பக்கமும் கை வைக்க இடத்தோடு இருக்க வேண்டும். எத்தனை கிலோ தாங்கும் என்று லேபிளில் பாருங்கள், கடையிலேயே உட்கார்ந்து எழும்பியும் பாருங்கள். ஆறும் புதிதாக வாங்கத் தேவையில்லை. வீட்டிலுள்ள பிளாஸ்டிக் கதிரை இரண்டைக் கொண்டுபோய் மேலே ஒரே நிறத் துணி போட்டால் எல்லாம் ஒரே குடும்பமாகத் தெரியும். வேவல்தெனியப் பிரம்புக் கதிரை எனக்கும் பிடித்தமானதுதான், ஆனால் இரவுப் பனியில் வெளியே விட்டால் பூஞ்சணம் பிடிக்கும். மண் மெத்தென்றிருந்தால் கால்களுக்குக் கீழே பலகைத் துண்டு வையுங்கள்.

கடைக்காரர் சொல்லாமல் விடுகிற ஒரு பொருள் உண்டு: மட்டக்கட்டையும் சில்லுக் கட்டையும். கேரவன் சரிந்து நின்றால் இரவு முழுக்க ஒருவர் மேல் ஒருவர் உருளுவீர்கள். வேனிலிருந்து கழற்றும் முன்பே தாழ்ந்த பக்கச் சில்லைக் கட்டையில் ஏற்றி இடம் வலம் மட்டம் பாருங்கள். பிறகு சில்லுகளுக்கு முன்னும் பின்னும் கட்டை கொடுங்கள். அப்புறம்தான் கழற்ற வேண்டும். முன் பின் மட்டத்தை முன்னாலுள்ள சின்னச் சில்லால் சரிசெய்யலாம். நான்கு மூலைக் கால்கள் ஆடாமல் பிடிப்பதற்கு மட்டுமே, அவற்றால் கேரவனைத் தூக்கக் கூடாது. இடம் தேர்ந்தெடுக்கும்போது காற்று மறைவாக இருக்கிறது என்று வெட்டிய மண்மேட்டின் அடியில் மட்டும் நிறுத்தாதீர்கள். 24 மணி நேரத்தில் 75 மில்லிமீற்றர் மழை தாண்டினாலே தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவுக்கான முதல் கட்ட எச்சரிக்கையை விடுகிறது. அந்தச் செய்தி வந்தால் கேரவனை விட்டுவிட்டு மாமா வீட்டுக்குப் போய்விடுங்கள்.

சரி, இப்போது லைட். 2700 முதல் 3000 கெல்வின் வரையுள்ள மஞ்சள் வெளிச்ச எல்இடி சரம் ஒன்று போதும். பனிமூட்டத்தில் வெள்ளை வெளிச்சம் சுவர்போல முன்னால் நிற்கும், பூச்சியும் அதைத் தேடித்தான் அதிகம் வரும். பெட்டியில் ஐபி44 அல்லது அதற்கு மேல் போட்டிருக்கிறதா பாருங்கள். இரண்டாவது இலக்கம் தண்ணீருக்கானது: 4 என்றால் தெறிக்கும் தண்ணீரைத் தாங்கும், 5 என்றால் பீய்ச்சியடித்தாலும் தாங்கும். சரத்தை ஓனிங்கின் உள்விளிம்பில் கட்டுங்கள். மேசையில் ஒரு பழைய ஜாம் போத்தலில் மாமாவின் வேலியோரத்துப் பூ ஒரு கொத்து வைத்தால் இடம் நிறைந்துவிடும்.

கேள்வி: நாங்களும் இப்படி ஒரு பயணம் போகிறோம். 50,000 எம்ஏஎச் பவர் பேங்க் ஒன்று நான்கு நாளுக்குத் தாராளம், மின்சாரக் கெட்டில்கூடப் போடலாம் என்கிறார் கடைக்காரர். நம்பலாமா?
– ஒரு வாசகர், ஹட்டன்

பதில்: கெட்டிலுக்கு நம்ப வேண்டாம். எம்ஏஎச் எண் பெரிதாகத் தெரியும், ஆனால் அது உள்ளே இருக்கிற 3.7 வோல்ட் செல்லின் கணக்கு. 50,000 எம்ஏஎச் என்பது 50 ஆம்பியர்-மணி. அதை 3.7ஆல் பெருக்கினால் 185 வொட்-மணி. ஒரு லீற்றர் குளிர்ந்த தண்ணீரைக் கொதிக்க வைக்கவே ஏறக்குறைய 100 வொட்-மணி வேண்டும். சாதாரணக் கெட்டில் 1500 வொட் இழுக்கும், அவ்வளவை அந்தப் பெட்டியால் ஒரே நேரத்தில் கொடுக்கவும் முடியாது. பிளேன்டீக்குத் தண்ணீரை கேஸில் வையுங்கள்.

எந்தப் பற்றரியானாலும் ‘எத்தனை வொட்-மணி’ என்று கேட்டுப் பழகுங்கள். 10 வொட் லைட் ஐந்து மணி நேரம் எரிந்தால் 50, நான்கு போன் சார்ஜ் செய்ய ஏறக்குறைய 60. ஆக, ஓர் இரவுக்கு 110, நான்கு இரவுக்கு 440. 12 வோல்ட் 100 ஆம்பியர்-மணி ஈய பற்றரியில் எழுத்துக் கணக்கு 1200 என்றாலும் பாதிக்கு மேல் இறக்கினால் அதன் ஆயுள் குறையும், ஆகவே கையில் 600 என்று வைத்துக்கொள்ளுங்கள். லிதியம் அயன் பொஸ்பேற் வகையில் பெரும்பகுதியை எடுக்கலாம், விலைதான் கூட. சோலார் பலகையை நம்பி மூட்டமான ஊருக்குப் போகாதீர்கள்.

பக்கத்து வீட்டிலிருந்து கரண்ட் எடுப்பதானால் இதைக் கவனமாகக் கேளுங்கள். ஏர்த் உள்ள மூன்று பின் வயர், எஸ்எல்எஸ் முத்திரையுள்ள பிளக், அந்த வீட்டில் வேலை செய்கிற 30 மில்லிஆம்பியர் ட்ரிப் சுவிட்ச். இவற்றில் ஒன்று குறைந்தாலும் எடுக்க வேண்டாம். ட்ரிப் சுவிட்சின் சோதனைப் பொத்தானை அமத்திப் பாருங்கள், கரண்ட் உடனே நிற்க வேண்டும். சுருள் வயரை முழுவதும் அவிழ்த்துவிடுங்கள். சுருட்டியபடியே பாரம் ஏற்றினால் உள்ளே சூடேறி உருகிவிடும். சந்திப்புகள் ஈரத்தரையில் கிடக்கக் கூடாது.

கேள்வி: ‘மைனஸ் 5’ என்று போட்ட தூங்கும் பை வாங்கி, ஜனவரியில் அனுமதி எடுத்து ஹோர்ட்டன் சமவெளியில் ஒரு இரவு தங்கினேன். விடியும்வரை நடுங்கினேன். பை போலியா?
– ஒரு மாணவர், பதுளை

பதில்: போலியாக இல்லாமலும் இருக்கலாம் தம்பி. அந்தப் பையில் இரண்டு மூன்று எண் இருக்கும். பெரிதாக அச்சடிப்பது ‘எக்ஸ்ட்ரீம்’ எண். அது உயிர் தப்பப் போதுமான அளவு மட்டும்தான், தூங்குவதற்கான அளவில்லை. ‘கம்ஃபர்ட்’ என்ற எண்ணைப் பாருங்கள். சமவெளி 2100 மீற்றருக்கு மேலே இருக்கிறது, ஜனவரி, பெப்ரவரி விடியற்காலைகளில் புல்லில் உறைபனி வெண்மையாகப் படியும். அதற்குக் கம்ஃபர்ட் பூச்சியம் வேண்டும். ஏப்ரலில் நுவரெலியாப் பக்கம் என்றால் 5 போதும்.

காற்றடைத்த மெத்தையில் படுத்தீர்களா? உள்ளே இருக்கிற காற்று தரையின் குளிரை அப்படியே முதுகுக்குக் கொண்டுவரும். மேலே ஒரு ஃபோம் பாய் போடுங்கள். நுவரெலியா பேல் பஜாரில் நல்ல ஜாக்கெட்டுகளோடு கம்பளித் தொப்பியும் கிடைக்கும், வாங்கித் தலையை மூடுங்கள். சுடுதண்ணீர்ப் பை ஒன்று காலடியில் வைத்தால் நிம்மதியாகத் தூங்கலாம். ஆனால் கரிச்சட்டியைக் கூடாரத்துக்குள்ளோ கேரவனுக்குள்ளோ ஒருபோதும் கொண்டுபோகாதீர்கள். தணல் மங்கியிருந்தாலும் கார்பன் மொனொக்சைட் வரும். அதற்கு மணமில்லை, தூக்கத்திலேயே ஆளைக் கொன்றுவிடும். இதை உங்கள் கூட்டாளிகளுக்கும் சொல்லுங்கள்.

கேள்வி: ஓனிங் துணியை விரித்த அன்றே ஒட்டுப்பட்டி கழன்றுவிட்டது. விற்ற பொருளைத் திருப்பி எடுப்பதில்லை என்று கடையில் சொல்லிவிட்டார்கள். என்ன செய்வது?
– ஒரு வாசகி, வெலிமடை

பதில்: பில் இருக்கிறதா? இருந்தால் கழன்ற இடத்தைப் படமெடுத்து, பில்லின் பிரதியோடு என்ன குறை, எப்போது கண்டீர்கள், மாற்றித் தர வேண்டுமா, பணம் வேண்டுமா என்பதை ஒரு கடிதமாக எழுதிக் கடைக்குக் கொடுங்கள், ஒரு பிரதியை வைத்துக்கொள்ளுங்கள். அசையாவிட்டால் நாள் கடத்தாமல் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு எழுத்தில் முறையிடுங்கள். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் அமைந்த சபை அது. 1977 என்ற இலக்கத்துக்கு அழைத்தும் வழி கேட்கலாம். துணியை அதுவரை வெட்டவோ, நீங்களே பசை போட்டு ஒட்டவோ வேண்டாம், கழன்ற பட்டி கழன்றபடியே இருக்கட்டும்.