முதல் வகுப்பு ஆசிரியை வேலைக்கு ஏஜெண்ட் எதற்கு?

கேள்வி: திருச்சியில் பி.எஸ்ஸி. கணிதமும் பி.எட்.டும் முடித்து, ஒரு மெட்ரிக் பள்ளியில் சில ஆண்டுகள் ஒன்றாம் வகுப்பு எடுத்தேன். கணவருக்கு டர்பனில் வேலை. இப்போது நானும் வந்துவிட்டேன். இங்கும் ஒன்றாம் வகுப்பு ஆசிரியையாகச் சேர ஆசை. ஆசிரியர் பதிவு, பள்ளியில் இடம் இரண்டையும் சேர்த்தே முடித்துத் தருவதாக ஒரு ஏஜெண்ட் சொல்கிறார். பாதிப் பணத்தையும் அசல் சான்றிதழ்களையும் முன்கூட்டியே கேட்கிறார். கொடுக்கலாமா? இங்கே வகுப்பு எப்படி இருக்கும்?

பதில்: கொடுக்காதீர்கள். பணமும் வேண்டாம், சான்றிதழும் வேண்டாம். இதோடு பதிலை முடித்துவிடலாம். ஆனால் இந்த மாதிரி ஆட்கள் என்னென்ன சொல்லி மடக்குவார்கள் என்று பார்த்திருப்பதால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

தென்னாப்பிரிக்காவில் அரசுப் பள்ளியோ தனியார் பள்ளியோ, வகுப்பெடுக்க வேண்டுமானால் சேஸ் என்று எல்லோரும் சொல்லும் ஆசிரியர் மன்றத்தில் பதிவு வேண்டும். “பிரைவேட் ஸ்கூலில் அதெல்லாம் கேட்க மாட்டார்கள்” என்று அவர் சொன்னால் அப்போதே எழுந்து வந்துவிடுங்கள்.

வரிசை இதுதான். முதலில் வேலை செய்யும் உரிமையுள்ள விசா. கணவரின் வேலை விசாவை ஒட்டிக் கிடைத்த விசாவில் அந்த உரிமை தானாக வந்துவிடாது. அதைச் சரிசெய்யாமல் மற்றவற்றில் காசைப் போடாதீர்கள். அடுத்தது சாக்கா என்கிற தகுதிகள் ஆணையம். பிரிட்டோரியாவில் இருக்கிறது, உங்கள் பட்டங்களை மதிப்பிட்டுச் சான்று தரும். ஆன்லைனில் நீங்களே விண்ணப்பிக்கலாம். அப்புறம் உயர்கல்வித் துறை, ஆசிரியர் வேலைக்கு உங்கள் படிப்பு எந்த நிலைக்கு ஈடு என்று கணக்கிடும். சேஸ் பதிவுக்கு போலீஸ் நற்சான்றும் வேண்டும்; 2019 முதல் புதிதாகப் பதிகிறவர்கள் எல்லோரிடமும் கேட்கிறார்கள். இந்தியாவிலிருந்து வரவேண்டிய நற்சான்றுக்கு டர்பனிலுள்ள இந்தியத் துணைத் தூதரகத்தை அணுகுங்கள்.

நம் ஊர்ப் பட்டதாரிகள் பலர் சாக்காவில்தான் சிக்கிக்கொள்கிறார்கள். கையில் புரவிஷனல் சான்றிதழை வைத்துக்கொண்டு கான்வகேஷன் சான்றிதழை வாங்காமலே விட்டிருப்பார்கள். சாக்கா கேட்பது இறுதிப் பட்டச் சான்றிதழும் மதிப்பெண் பட்டியல்களும். அவை அசலா என்று பல்கலைக்கழகத்திடமும் விசாரிக்கும். அந்தப் பதில் வரத் தாமதமானால் எந்த ஏஜெண்டாலும் அதை இழுத்துக்கொண்டு வர முடியாது. “உள்ளே எனக்கு ஆள் இருக்கிறது” என்பது கதை. நகல்களுக்கு அத்தாட்சி முத்திரை வாங்கித் தருவதற்கென்றே தனியாகக் கட்டணம் கேட்கிறவர்கள் உண்டு. பக்கத்துப் போலீஸ் ஸ்டேஷனுக்கு அசலும் நகலுமாகப் போய் நில்லுங்கள், காசில்லாமல் முத்திரை குத்தித் தருவார்கள். ஒரே சான்றிதழை இத்தனை அலுவலகங்களும் ஏன் தனித்தனியாகக் கேட்கின்றன, ஒன்று பார்த்ததை இன்னொன்று ஏன் நம்பாது என்று என்னைக் கேட்காதீர்கள். நானும் கேட்டுக் கேட்டு ஓய்ந்துவிட்டேன். இந்தக் குழப்பம் இருக்கிற வரை ஏஜெண்டுக்குப் பிழைப்பும் இருக்கும்.

இன்னொன்றையும் ஏஜெண்ட் உங்களிடம் சொல்லியிருக்க மாட்டார். ஒன்றாம் வகுப்புக்கு முந்தைய கிரேடு ஆர் முதல் கிரேடு 3 வரை இங்கே ஃபவுண்டேஷன் ஃபேஸ் என்ற தனிக் கட்டம். அதற்கென்றே நான்காண்டு பி.எட். படிக்கிறார்கள், அல்லது ஒரு பட்டத்துக்கு மேல் அந்தக் கட்டத்துக்கான ஓராண்டு முதுநிலைச் சான்றிதழ். உங்கள் பி.எட். பெரிய வகுப்புகளில் பாடம் எடுப்பதற்கான பயிற்சி. இந்தியாவிலேயே 2023 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் தொடக்க வகுப்புகளுக்கு பி.எட். தகுதியாகாது என்று தீர்ப்பளித்துவிட்டது. ஆகவே பதிவு கிடைத்தாலும் முதல்வர்கள் உங்களை மேல்வகுப்புக் கணக்கு டீச்சராகத்தான் முதலில் பார்ப்பார்கள். ஒன்றாம் வகுப்பே வேண்டுமென்றால் அந்த ஓராண்டுப் படிப்பைப் பற்றி யோசியுங்கள். ஏஜெண்டுக்குக் கொடுக்கவிருந்த பணம் அதற்கு உதவும்.

பள்ளியில் இடம் வாங்கித் தருவது என்பது இன்னும் மோசம். இந்த நாட்டில் ஆசிரியர் பதவிகள் விலைக்குப் போகின்றன என்ற புகாரை விசாரிக்க அமைச்சரே ஒரு குழு போட்டு, அதன் அறிக்கை 2016-ல் வெளியானது. விற்கிறவர்கள் இருக்கிறார்கள் என்பது ரகசியமே இல்லை. ஆனால் வாங்குகிறவரும் குற்றத்தில் பங்காளிதான். வெளிநாட்டவராகிய உங்களுக்கு அதில் போவது வேலை மட்டுமல்ல, விசாவும்தான்.

எல்லா இடமும் அரசு நியமனம் அல்ல, ஒரு விதிவிலக்கு உண்டு. அதை வைத்துத்தான் பலரை ஏமாற்றுகிறார்கள். பள்ளிகளில் மாகாணக் கல்வித் துறை சம்பளம் தரும் இடங்கள் போக, எஸ்.ஜி.பி. இடங்கள் உண்டு. எஸ்.ஜி.பி. என்றால் பெற்றோர் பெரும்பான்மையாக இருக்கும் பள்ளி ஆளுகைக் குழு. துறை கொடுத்த ஆசிரியர்கள் போதவில்லை என்றால், பெற்றோர் கட்டும் கட்டணத்திலிருந்து கூடுதலாக ஆள் வைத்துக்கொள்ள 1996-ஆம் ஆண்டுப் பள்ளிச் சட்டம் அனுமதிக்கிறது. ஆளை அந்தக் குழுவே தேர்ந்தெடுக்கும், சம்பளத்தையும் அதுவே முடிவுசெய்யும். வெளியிலிருந்து வருகிற ஒருவருக்குப் பெரும்பாலும் முதலில் திறக்கிற கதவு இதுதான். ஆனால் மூன்று விஷயங்களைக் கவனியுங்கள். எஸ்.ஜி.பி. இடத்துக்கும் சேஸ் பதிவு கட்டாயம். ‘குழு வேலைக்குப் பதிவு வேண்டாம்’ என்பது சுத்தப் பொய். அரசு ஆசிரியரின் ஓய்வூதியமும் சலுகைகளும் இதில் வராது; கட்டணம் வசூலாகாத வருடம் உங்கள் ஒப்பந்தம் நீளாமலும் போகலாம். மூன்றாவது, பின்னால் அரசு இடமாக மாற்றித் தருகிறேன் என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள். அரசு இடம் காலியானால் அறிவிப்பு வரும், நீங்களும் மற்றவர்களோடு சேர்ந்து விண்ணப்பிக்க வேண்டியதுதான். எஸ்.ஜி.பி. இடத்துக்கு வழி மிகச் சுலபம்: பள்ளி அலுவலகத்துக்குப் போய் விண்ணப்பத்தைக் கொடுத்து, முதல்வரைப் பார்க்க நேரம் கேளுங்கள். டர்பனில் இந்திய வம்சாவளியினர் அதிகம் வாழும் சட்ஸ்வொர்த், பீனிக்ஸ் பக்கம் ஒரு நாளில் நான்கைந்து பள்ளிகளுக்குப் போய் வந்துவிடலாம்.

சரி, வகுப்புக்கு வருவோம். சட்ஸ்வொர்த் என்றதும் தமிழ்க் குழந்தைகள் என்று நினைத்துக்கொண்டு போகாதீர்கள். அங்குள்ள தமிழ்க் குடும்பங்களின் வீட்டுமொழி ஆங்கிலமாகிப் பல காலம் ஆயிற்று. பல பள்ளிகளில் உங்கள் முன் உட்காரும் குழந்தைகளில் பெரும்பாலோர் வீட்டில் ஜூலு பேசுகிறவர்கள், படிக்கக் கற்பது ஆங்கிலத்தில். ஜூன் 30-க்குள் ஆறு வயது ஆகிவிடும் என்றால் சேர்த்துக்கொள்வார்கள். ஆகவே பள்ளி ஆண்டு தொடங்கும் ஜனவரியில் ஐந்தரை வயதும் ஏழு வயதும் ஒரே மேசையில் இருக்கும்.

வாரத்துக்கு 23 மணி நேரம் பாடம்: கணிதம் 7, வாழ்க்கைத் திறன் 6, மீதி 10 மணி நேரமும் இரண்டு மொழிகளுக்கு. காலையில் வானிலை அட்டை, கிழமை, திங்களன்று ‘நியூஸ்’, அதாவது சனி ஞாயிறில் என்ன நடந்தது என்று ஒவ்வொருவராகச் சொல்வது. இதெல்லாம் உங்களுக்குப் பழகிவிடும். கஷ்டம் பாயில் இருக்கிறது. தினமும் இரண்டு குழுக்களை, குழுவுக்குக் கால் மணி நேரம், பாயில் உட்காரவைத்துப் படிக்க வைக்க வேண்டும். ஆறேழு பேர் உங்கள் எதிரே விரல் வைத்து எழுத்துக் கூட்டிக்கொண்டிருப்பார்கள். அந்த நேரத்தில் மேசைகளிலுள்ள மீதி முப்பத்துச் சொச்சம் பேரில் ஒருவனுக்கு மூக்கு வடியும், ஒருத்தி பென்சிலை மூன்றாம் முறை சீவிக்கொண்டிருப்பாள், ஒருவன் உங்கள் தோளைத் தட்டி “மேம், டாய்லெட்” என்பான். அந்த முப்பது பேருக்கும் நீங்கள் இல்லாமலே செய்யக்கூடிய வேலையை முந்தின நாளே தயார் செய்திருக்க வேண்டும். நல்ல ஒன்றாம் வகுப்பு டீச்சரை நான் அதை வைத்துத்தான் எடைபோடுவேன்.

உங்கள் பி.எஸ்ஸி. கணிதத்தை வாசலிலேயே விட்டுவிட்டுப் போங்கள். ஆண்டு முழுக்கக் கூட்டல் கழித்தல் 20-ஐத் தாண்டாது. எட்டு பாட்டில் மூடிகளை எத்தனை விதமாகப் பிரிக்கலாம் என்று ஒரு வாரம் ஓட்டுவீர்கள். வாய்ப்பாடு ஒப்பிக்க வைக்காதீர்கள், பரீட்சையும் கிடையாது. வகுப்பில் பார்த்ததை வைத்து 1 முதல் 7 வரை குறியீடு போடுவார்கள். கை ஓங்கவே ஓங்காதீர்கள். ஸ்கேலால் தட்டுவதும் காதைத் திருகுவதும் இங்கே சட்ட விரோதம், பதிவையே இழக்க நேரும்.

பிள்ளைகள் போனபின் கோப்புகள் ஆரம்பிக்கும். ஒரு நாளைக்கு 7 மணி நேரமாவது ஆசிரியர் பள்ளியில் இருக்க வேண்டும் என்பது விதி. அதில் பின்பாதி பெரும்பாலும் காகிதத்துக்குத்தான் போகிறது. 2021 சர்வதேச வாசிப்பு ஆய்வில் இந்த நாட்டு நான்காம் வகுப்புப் பிள்ளைகளில் 100-க்கு 81 பேருக்குப் பொருள் புரிந்து படிக்க வரவில்லை என்று தெரிந்தது. அதற்கு மருந்தாகத் துறை ஆசிரியர்களுக்கு அனுப்பியது இன்னும் சில படிவங்கள்!

கடைசியாக, ஏஜெண்டிடம் சான்றிதழ்களை ஏற்கெனவே கொடுத்துவிட்டிருந்தால், பணத்தைப் பற்றி இன்று வாயே திறக்காதீர்கள். தூதரகத்தில் அசலைக் காட்டச் சொல்கிறார்கள் என்று சொல்லி முதலில் அவற்றைக் கையில் வாங்கிவிடுங்கள். பணத்தை அப்புறம் கேட்டுக்கொள்ளலாம்.