அமெரிக்காவில் பெரிய மாநிலத்துக்கும் சின்ன மாநிலத்துக்கும் ஏன் ஒரே மாதிரி இரண்டு செனட்டர்கள்?

அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸில் இரண்டு அவைகள். ஒன்று செனட்: 50 மாநிலங்களுக்கும் தலா இருவர், மொத்தம் 100 பேர், பதவிக்காலம் 6 ஆண்டுகள். இன்னொன்று பிரதிநிதிகள் சபை. அதன் 435 இடங்களும் மக்கள்தொகைப்படி பிரிக்கப்படுகின்றன. அங்கே கலிஃபோர்னியாவுக்கு 52 இடங்கள், வயோமிங்குக்கு ஒன்றே ஒன்று. செனட்டில் மட்டும் இரண்டும் சமம்.

இதற்குக் காரணம் 1787இல் நடந்த ஒரு சண்டை. அரசியல் சட்டம் எழுத பிலடெல்ஃபியாவில் கூடியபோது, மக்கள்தொகைப்படிதான் இடம் என்றது வர்ஜீனியா. அப்புறம் எங்கள் குரல் எப்படி எடுபடும் என்று டெலவேர், நியூஜெர்சி போன்ற சின்ன மாநிலங்கள் மறுத்தன. கூட்டமே கலைந்துவிடும் போலிருந்தது. கடைசியில் ஓர் அவையில் மக்கள்தொகைப்படி, இன்னொன்றில் எல்லா மாநிலத்துக்கும் சமம் என்று கனெக்டிகட் மாநிலத்தின் ரோஜர் ஷெர்மன் வலியுறுத்திவந்த நடுவழியை, ஜூலை 16 அன்று, ஒரே ஒரு மாநில வாக்கு வித்தியாசத்தில் ஏற்றார்கள்.

அடுக்குமாடிக் குடியிருப்பில் பராமரிப்புக் கட்டணத்தைச் சதுர அடிக் கணக்கில் வாங்கிவிட்டு, சங்கக் கூட்டத்தில் வீட்டுக்கு ஒரு ஓட்டு என்று வைப்பதில்லையா? அதுபோல ஒரே நாட்டில் இரண்டு கணக்கு.

அந்த உடன்பாட்டின் கறையையும் சொல்லியாக வேண்டும். பிரதிநிதிகள் சபைக்கான கணக்கில் ஐந்து அடிமைகளை மூன்று பேராக எண்ணினார்கள். அவர்களுக்கு ஓட்டுரிமை கிடையாது.

முதலில் செனட்டர்களை மாநிலச் சட்டமன்றங்கள்தான் தேர்ந்தெடுத்தன. 1913இல் வந்த 17ஆம் திருத்தத்துக்குப் பிறகே மக்கள் நேரடியாக வாக்களிக்கிறார்கள்.

இரண்டு செனட்டர்களும் மாநிலத்தை ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக்கொள்வதாகப் பலர் நினைக்கிறார்கள். அப்படியில்லை, இருவருமே மாநிலத்தின் எல்லா மக்களுக்கும் பிரதிநிதிகள். செனட்டர் யாருக்குப் பிரதிநிதி என்ற இந்தக் கேள்வியே அமெரிக்கக் குடியுரிமை நேர்காணலில் வரலாம்.