ஆளுமை வகையைத் தெரிந்துகொண்டால் நம்மை நாமே ஏற்றுக்கொள்ள முடியுமா?

பதினாறு வகை ஆளுமைச் சோதனையில் ஐ.என்.எஃப்.பி. என்ற நான்கெழுத்து வகை வந்ததாம், விவரத்தைப் படித்ததும் கண் கலங்கிவிட்டதாம், இதையெல்லாம் நம்புவது முட்டாள்தனமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

முட்டாள்தனம் இல்லை. 'வாயைத் திறந்து நாலு வார்த்தை பேசினால் என்ன' என்று கேட்டுக் கேட்டே நீங்களும் வளர்ந்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன். விருந்தாளிகள் வந்தால் என் அம்மா, 'அவ கொஞ்சம் கூச்ச சுபாவம்' என்று மன்னிப்புக் கேட்கிற மாதிரி சொல்வார். எனக்கா கூச்சம்? மேடையேறச் சொன்னால் ஏறிப் பேசிவிட்டு வருவேன். இறங்கிய பிறகு கொஞ்ச நேரம் யாரும் பக்கத்தில் வராமல் இருந்தால் போதும். இதை வீட்டில் யாருக்கும் புரிய வைக்க முடிந்ததில்லை. வேலைக்குப் போன பிறகும் மதிய இடைவேளையில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். பாட்டு எதுவும் ஓடாது. பேச்சுக் கொடுக்க வருபவர்களைத் தடுக்கத்தான் அது.

அலுவலகப் பயிற்சி ஒன்றில் இதே சோதனையை எங்களுக்கு வைத்தார்கள். முடிவு வந்ததும், முதல் எழுத்து 'ஐ' (அகமுகம், அதாவது இன்ட்ரோவர்ட்) வந்தவர்கள் எல்லாம் ஜன்னல் பக்கம், 'இ' (புறமுகம், அதாவது எக்ஸ்ட்ரோவர்ட்) எல்லாம் கதவுப் பக்கம் நிற்கச் சொன்னார் பயிற்சியாளர். ஜன்னல் பக்கம் என் அருகில் வந்து நின்றவர் யார் தெரியுமா? கணக்குப் பிரிவில் எப்போதும் கலகலவென்று பேசிக்கொண்டிருப்பாரே, அவர். 'லிஃப்ட்ல தெரிஞ்சவங்க நின்னா நான் படியேறி வந்துடுவேன்' என்றார் மெதுவாக. விவரக் குறிப்பில் என்ன எழுதியிருந்தது என்பது பாதி மறந்துவிட்டது. இந்த ஒரு வரிதான் அப்படியே நிற்கிறது. நமக்கென்று ஒரு கூட்டம் இருக்கிறது என்று எனக்குத் தோன்றியது அப்போதுதான்.

சரி, இப்போது அறிவியல் அன்பர்கள் சண்டைக்கு வருவார்கள். தெரியும் சார். 1921-ல் வெளிவந்த, சுவிஸ் மனநல மருத்துவர் யுங்கின் கோட்பாட்டை எடுத்துக்கொண்டு, உளவியல் பட்டம் இல்லாத ஒரு தாயும் மகளும் (கேத்தரின் பிரிக்ஸ், இசபெல் பிரிக்ஸ் மையர்ஸ்) உருவாக்கியது இது. பெரும்பாலானவர்கள் நடுவாந்தரத்தில்தான் இருக்கிறார்கள். அந்த நடுவிலேயே கோடு கிழித்து இரண்டு கூறாக்கிவிடுகிறார்கள். அதனால்தான் மறுபடி எழுதினால் எழுத்து மாறுகிறது. எனக்கே கடைசி எழுத்தான 'பி' ஒருமுறை 'ஜே' ஆனது. 1948-ல் அமெரிக்க உளவியலாளர் ஃபோரர் தன் மாணவர்கள் 39 பேருக்கும், ஜோதிடப் புத்தகத்திலிருந்து எடுத்த ஒரே குறிப்பை 'இது உங்களுக்கானது' என்று கொடுக்க, அவர்கள் 'நன்றாகப் பொருந்துகிறது' என்று சராசரியாக 5-க்கு 4-க்கு மேல் மதிப்பெண் போட்ட கதையும் தெரியும். ஆனால் ஆய்வாளர்கள் இன்று ஏற்கும் ஐந்து காரணி அளவீட்டிலும் (ஆளுமையை ஐந்து பண்புகளாகப் பிரித்து அளப்பது) இந்தப் புறமுக, அகமுகச் சமாச்சாரம் இருக்கிறதே! எனக்குத் தேவைப்பட்டது அந்த முதல் எழுத்து மட்டும்தான். மீதி மூன்றை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள்.

என் கோபம் வேறு இடத்தில். அந்தப் பயிற்சிக்குப் பிறகு, நான் ராத்திரி உட்கார்ந்து தயாரித்த விளக்கவுரையை வாடிக்கையாளர் முன் பேச மேலாளர் வேறொருவரை அனுப்பினார். 'நீங்கதான் இன்ட்ரோவர்ட் ஆச்சே, உங்களுக்குச் சிரமம் வேண்டாம்னுதான்' என்றார், ஏதோ சலுகை செய்கிற மாதிரி. ஆளெடுக்க இதைப் பயன்படுத்தாதீர்கள் என்று சோதனையை வெளியிடுகிறவர்களே சொல்கிறார்கள். அதையெல்லாம் யார் படிக்கிறார்கள்? போனவர் மூன்றாவது ஸ்லைடில் திணறி எனக்கே போன் போட்டார். அப்புறம், ஏழு நிமிட வாய்ஸ் மெசேஜ் அனுப்பிவிட்டு 'கேட்டியா?' என்று உடனே கூப்பிடுகிறவர்களைப் பற்றித் தனியாகவே ஒரு பதில் எழுதவேண்டும்.

நீங்கள் தாராளமாக அழுங்கள். அதே வகை வந்த நாலு பேரைத் தேடிப் பிடித்துப் பேசுங்கள். முடிவுத் தாளை மட்டும் மேலாளர் கண்ணில் காட்டாதீர்கள்.