அமெரிக்காவில் குழந்தைகள் வார்டில் பகுதிநேர நர்ஸ் என்றால் என்ன?

அமெரிக்காவில் நர்சிங் படித்து, என்கிளெக்ஸ் என்ற நர்சிங் உரிமத் தேர்வில் தேறி, மாநில உரிமம் பெற்றவர்தான் ரெஜிஸ்டர்ட் நர்ஸ். பல மருத்துவமனைகளில் ஒரு ஷிப்ட் 12 மணி நேரம். வாரம் மூன்று ஷிப்ட் பார்த்தால் முழுநேரம், இரண்டு பார்த்தால் பகுதிநேரம்.

ஏன் இந்த ஏற்பாடு? குளிர்காலத்தில் ஆர்எஸ்வி வைரஸ் பரவி, மூச்சுத் திணறும் கைக்குழந்தைகளால் வார்டு நிரம்பிவிடும். அப்போது பகுதிநேர நர்சுகளைக் கூடுதல் ஷிப்டுக்குக் கூப்பிடலாம். முகூர்த்த நாளில் சமையல் மாஸ்டர் கூடுதல் ஆள் சேர்த்துக்கொள்வாரே, அந்த மாதிரி.

ஆனால் பழகிய கையாக இருக்க வேண்டும், ஏனென்றால் குழந்தைக்கு மருந்து அளவு எடையைப் பொறுத்தது. கிலோவுக்கு 15 மில்லிகிராம் பாராசிட்டமால் என்று டாக்டர் எழுதினால் 8 கிலோ குழந்தைக்கு 120 மில்லிகிராம், 20 கிலோ பிள்ளைக்கு 300. அங்கே வீட்டில் எடையைப் பவுண்டில்தான் சொல்வார்கள். அந்த எண்ணைக் கிலோ என்று எடுத்துக்கொண்டால் மருந்து இரண்டு மடங்குக்கு மேல் போய்விடும்! அதனால் வார்டிலேயே கிலோவில் நிறுப்பார்கள்.

பகுதிநேரம் என்றால் உதவியாளர் வேலை என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை, உரிமமும் அதேதான், அந்த 12 மணி நேரப் பொறுப்பும் அதேதான்.